பச்சைப் பதிவு

ஒலிப்பதிவுக்காரர்கள் நடுவில் அவனுக்குச் சூட்டுக்காரன் என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு முதல்முறை போன் செய்பவர்கள், பெரிய கோபக்காரனாக இருப்பானோ என்று பம்மிப் பம்மிப் பேசுவார்கள். கோபத்துக்கும் அவனுக்கும் வெகுதூரம். அவன் சூடு ஏற்றுவது குரலுக்கு. கம்ப்யூட்டரில் நேராகப் பதிகிற குரல் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆஸ்பத்திரி வராந்தாவின் சுத்தம் என்பான். அதனால் பதிந்த குரலை, பழைய ரேடியோவில் இருப்பது போல் கண்ணாடி வால்வுகள் எரிகிற ஒரு வால்வுப் பெட்டிக்குள் அனுப்பி, அங்கிருந்து பழைய டேப் மிஷினில் ஓடவிட்டு, மறுபடியும் கம்ப்யூட்டருக்கே கொண்டுவருவான். போகும்போது குச்சி குச்சியாக இருந்த குரல் வரும்போது சதை போட்டுக்கொண்டு வரும். முனைகள் மழுங்கி, அடித்தொண்டை நிரம்பி, பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்து பேசுவது போல் இருக்கும். கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது. அணைக்க மனம் வராது, அவ்வளவுதான்.

அப்படி அவன் சூடு ஏற்றிய குரல்களில் முக்கால்வாசி அவன் மனைவியின் குரல். அவள் ஒலிப்புத்தகங்கள் வாசிப்பவள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் வீட்டில் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். காரணம், அவன் எதையாவது தப்பாக உச்சரித்தால் அந்தக் கணமே திருத்திவிடுவாள். பின்னறையில் இருந்த பெரிய துணி அலமாரியின் தட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, சுற்றிலும் பழைய மெத்தைகளை அடித்து, உள்ளே ஒரு மைக்கும் ஸ்டூலும் வைத்திருந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவன் வெளியே மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்பான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் அவள் காதில் விழும்.

இதில் அவனுடைய கைவரிசை ஒன்று உண்டு. அவள் வாசிக்கும்போதே, அவள் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்கும் அவன் சூடான குரலைத்தான் அனுப்புவான். வேறு பதிவுக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. "அவங்க குரல் அவங்களுக்கே அழகா கேட்டா தொண்டையைக் கசக்க மாட்டாங்கப்பா. சும்மா மிதந்துகிட்டே வாசிப்பாங்க," என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வான். உண்மையும் அதுதான். அவள் அருமையாக வாசித்தாள். பச்சைப் பதிவு, அதாவது மைக்கிலிருந்து எதுவும் சேர்க்காமல் வருகிற பதிவு, தானாகவே கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டிருக்கும். அதை அவன் திறந்து கேட்டதே கிடையாது. மாவை யாராவது தின்று பார்ப்பார்களா?

ஒருநாள் புதிதாக ஒரு பதிப்பகம் வந்தது. அதன் மேலாளர் கறாரான ஆள். "எங்களுக்குப் பச்சையாவே அனுப்புங்க சார். மத்த வேலையெல்லாம் இங்க பசங்க பார்த்துப்பாங்க," என்றார். சூட்டுக்காரனிடமே சூடு வேண்டாம் என்கிறாரே என்று இவனுக்கு முகம் சுண்டிவிட்டது. வீம்புக்குக் கேட்டுக்கூடப் பார்க்காமல் முதல் அத்தியாயத்தின் பச்சைப் பதிவை அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டார்.

"சார், மேடத்துக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்காங்க. ஏன்?"

"இல்ல, தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு. அவசரமே இல்ல சார், சரியானதும் திரும்ப எடுத்துக்கலாம்."

பச்சைப் பதிவைக் கேட்டுப் பழக்கமில்லாத காது, அந்த ஆள் என்ன கண்டார் என்று மேலாளரை மனசுக்குள் திட்டிக்கொண்டே அந்த ஃபைலைத் திறந்தான். ஹெட்போனை மாட்டினான்.

முதல் வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

அது அவள் குரல்தான். வேறு யாருடையதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஒரு பிசிறு இருந்தது. வாக்கியக் கடைசியில் குரல் இறங்கும் இடங்களில் வெறும் காற்று மட்டும் வந்தது, சத்தத்தைக் காணோம். சைக்கிள் ட்யூபில் எங்கேயோ ஊசித் துளை விழுந்த மாதிரி. நேற்று இதையே சூட்டோடு கேட்டபோது, ஆகா, என்ன ஒரு குழைவு என்று ரசித்தது அவனேதான்.

கேபிள் கோளாறாக இருக்கும் என்றான் தனக்குத்தானே. கேபிளை மாற்றினான். மைக்கை மாற்றினான். அலமாரிக்குள் போய் உட்கார்ந்து, மேஜை மேல் கிடந்த மளிகைச் சீட்டை எடுத்து அவனே உரக்க வாசித்துப் பதிந்துகொண்டு வந்து கேட்டான். குரல் பளிங்கு மாதிரி வந்தது. கேபிளில் கோளாறு இருந்திருந்தால் அவன் அன்று சந்தோஷத்தில் துள்ளியிருப்பான். எதுவுமே கெடவில்லை என்று தெரிந்ததும் பழைய கேபிளையே எடுத்து மறுபடி மாட்டினான்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "டீச்சர், தொண்டையை ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமா?" என்றான்.

"எதுக்கு? போன வாரத்துக்கு முந்தின வாரம் சளி பிடிச்சதே, அதான். ஆவி பிடிச்சா போயிடும்."

"காட்டிட்டு வந்துடலாம்."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மறுத்துப் பேசவில்லை.

தொண்டை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. வார்த்தையை அளந்து பேசுபவர். மெல்லிய குழாய் ஒன்றை அவள் மூக்கு வழியாக விட்டு, அதன் நுனியிலிருந்த கேமரா காட்டியதைத் திரையில் பார்த்தார். சொல்லச் சொல்ல அவள் 'ஈ' என்றாள், 'ஆ' என்றாள். திரையில் அவள் குரல் நாண்கள் இரண்டு வெள்ளைப் பட்டைகளாகச் சேர்ந்து சேர்ந்து விலகின. அதில் ஒன்றின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் திட்டாக ஏதோ இருந்தது. டாக்டர் அந்த இடத்திலேயே கேமராவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார். அப்படி அவர் நிறுத்தியது அவனுக்குப் பிடிக்கவில்லை.

குழாயை எடுத்துவிட்டு, "எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரமாத்தான் டாக்டர். சளி பிடிச்சதுல இருந்து."

"நிச்சயமா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ரெண்டு வாரம்தான்னா, பேசாம ஓய்வெடுங்க, ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துக்கலாம். சளியால வந்த புண்ணுன்னா தானா ஆறிடும். ஆனா மாசக்கணக்கா இருக்குன்னா நான் ஒருநாள்கூடக் காத்திருக்க மாட்டேன். அந்த இடத்துல கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"கிள்ளி எடுத்தா குரல் என்ன ஆகும்?"

"வரும். பழைய மாதிரியே வருமான்னு கேட்டா, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். எதற்காக அந்த டெஸ்ட் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்த வியாதியின் பெயர் அறைக்குள் வந்து நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு வாரம்தான் டாக்டர்," என்றாள் மறுபடியும். பிறகு அவன் பக்கம் கையைக் காட்டி, "வேணும்னா இவரைக் கேளுங்க. நாள் முழுக்க என் குரலைக் காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். ஒரு தும்மல்கூட இவர் காதுக்குத் தப்பாது," என்றாள்.

டாக்டர் அவனைப் பார்த்தார். ஆமாம், இரண்டு வாரம்தான் என்று சொல்லிவிட அவனுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள்.

"பழைய பதிவெல்லாம் இருக்கு டாக்டர். கேட்டுட்டுச் சொல்றேன்," என்றான்.

"நல்லதாப்போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. கிள்ளறதா இருந்தா அன்னைக்கே செய்துடறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கலகலப்பாக இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஒரு மாசம் பேசக்கூடாதாம். உங்களுக்குத்தான் கொண்டாட்டம்," என்றாள். அவன் சிரித்துவைத்தான். அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் அவள் குரலை வெறும் காதால் கேட்டுக்கொண்டு வந்தான். பஸ் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டில் அவள் பேசுவதை அவன் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டான்? நாளெல்லாம் அவள் குரலை ஹெட்போனில் கேட்டுக் களைத்துப்போய், சமையலறையிலிருந்து அவள் எதையாவது சொன்னால் 'ம்' போட்டுக்கொண்டே இருப்பான். கேஸ் தீர்ந்துபோச்சு, ம். அக்கா கூப்பிட்டா, ம். ஊரிலுள்ள குரல்களிலெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற காது வீட்டுக்குள் நுழைந்ததும் படுத்துத் தூங்கிவிடும்.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். பச்சைப் பதிவுகள் இருந்த மூலையைத் திறந்தான். கடைசியில் இருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேட்பது என்று முடிவு. கடவுளே, இதற்கு முந்தின புத்தகத்தில் சுத்தமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

முந்தின புத்தகத்திலும் பிசிறு இருந்தது. சளி பிடிப்பதற்கு வெகு முன்னால் பதிந்தது அது.

சரி, அதற்கு முந்தினது. இருந்தது. அதற்கும் முந்தினது, ஒரு சமையல் புத்தகம். கொஞ்சம் குறைவு, ஆனால் இருந்தது. ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் விரல் ஒரு கணம் தயங்கியது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க வேறொன்றும் நினைவுக்கு வந்து அவனைக் கொன்றது. அந்தச் சமையல் புத்தகத்தின்போது, என்னவோ இன்றைக்குக் குரல் கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்று வால்வுப் பெட்டியின் குமிழை ஒரு சுற்றுக் கூட்டி வைத்தான். அதற்குப் பின் பதிந்ததில் இன்னும் கொஞ்சம். அதற்கும் அடுத்ததில் டேப் மிஷினில் இன்னும் அழுத்திப் பதிந்தான். அவள் தொண்டையில் ஏதோ ஒன்று வளர வளர, இவனும் கூடவே உட்கார்ந்து அதைப் பூசி மெழுகிக்கொண்டு வந்திருக்கிறான். அதே பூச்சை அவள் காதுக்கும் அனுப்பியிருக்கிறான். பாவி, அவள் தன் குரலைத் தானே கேட்க இருந்த வழியையும் அடைத்துவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் பதிந்த ஒரு துப்பறியும் கதையில் வந்து நின்றான். அதன் முதல் அத்தியாயம் சுத்தமாக இருந்தது. நிறைந்த, ஈரமான, அவள் குரல். அதைக் கேட்டு அவனுக்கு அழுகை வந்தது. அதே கதையின் கடைசி அத்தியாயங்களில் பிசிறு மெல்ல எட்டிப் பார்த்தது. அங்கே ஓரிடத்தில் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். காகிதம் புரளும் சத்தம். பிறகு கதையில் இல்லாத குரலில் பேசினாள்.

"ஏங்க, என் குரல் என்னவோ கரகரன்னு இல்ல? எனக்கு உள்ளுக்குள்ள அப்படித் தோணுது. உங்களுக்குக் கேக்குதா?"

அடுத்து ஒரு பூச்சிக்குரல். அவள் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்திருந்த குரல். அவன் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டான். அது அவனேதான்.

"சும்மா இரு டீச்சர். தேன் மாதிரி இருக்கு. நிறுத்தாம போ."

"நிஜமாவா? சரி, எனக்குத்தான் அப்படித் தோணுது போல."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

இப்படி ஒரு பேச்சு நடந்ததே அவனுக்கு நினைவில் இல்லை. இந்த மாதிரி நடுப்பேச்சுகளை வெட்டி எறிவதுதான் அவன் வேலை. அன்றைக்கே வெட்டி எறிந்திருப்பான். பச்சைப் பதிவில் மட்டும் அது அப்படியே இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். டேப் மிஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதை அவள் கேட்கவே கூடாது என்று பட்டது. டாக்டரிடம் எட்டு மாதம் என்று சொன்னால் போதும். அவளுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் வாசிப்பை மட்டும் போட்டுக் காட்டலாம். இந்தப் பேச்சை ஒரு சொடுக்கில் வெட்டிவிடலாம், வெட்டின இடம் தெரியாமல் ஒட்டிவிடலாம். ஊரில் அவனை விட்டால் அதற்கு வேறு ஆள் இல்லை. வெட்டவேண்டிய இடத்தை மௌஸால் இழுத்துக் கறுப்பாக்கினான். விரல் அழுத்தவில்லை. வீரம் எல்லாம் இல்லை, அவளுக்குத் துரோகம் செய்துவிடுவோமோ என்கிற பயம், அவ்வளவுதான். அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

அவள் எழுந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ரெண்டு வாரமில்ல. எட்டு மாசமா இருக்கு. வெள்ளிக்கிழமை கிள்ளிடச் சொல்லிடலாம்."

"என்ன உளர்றீங்க? எட்டு மாசமா தொண்டை கட்டியிருந்தா எனக்குத் தெரியாதா? என் தொண்டைங்க இது."

"வா, வந்து கேளு."

பின்னறைக்குக் கூட்டிவந்து ஸ்பீக்கரில் போட்டான். போன மாதம் பதிந்ததில் கொஞ்சம், அதற்கு முந்தினதில் கொஞ்சம், துப்பறியும் கதையின் கடைசியிலும் கொஞ்சம். அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரி முன்னால் நிறுத்திவிட்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒரு கலவரம் வந்துபோனது. பிறகு தலையை ஆட்டினாள்.

"இது பச்சைப் பதிவுதான? பச்சைன்னா இப்படித்தான் வறவறன்னு இருக்கும்னு நீங்கதான சொல்வீங்க? கம்ப்யூட்டருக்கு உயிர் இல்ல, மைக் எல்லாத்தையும் கடுமையா காட்டும்னு கல்யாணமான நாள்லேருந்து பாடம் எடுக்கிறீங்க. இப்ப அதையே போட்டுக் காட்டி, உனக்கு நோய்னு சொல்றீங்க."

"இது அது இல்ல டீச்சர். நான் சொன்னது வேற."

"எனக்கு வித்தியாசம் தெரியல." அவள் குரல் உயர்ந்தது; உயர்ந்த இடத்தில் உடைந்தது. "நான் கத்தி வைக்க விடமாட்டேன். கிள்ளி எடுத்து, ஒண்ணுமில்ல, வெறும் சளிதான்னு சொல்லிட்டா? போன குரலை யார் தருவா? என்கிட்ட வேற என்னங்க இருக்கு? ஒரு மாசம் வாயைத் திறக்காம இருக்கேன். சரியாகலைன்னா அப்புறம் பார்க்கலாம்."

பத்து வருஷமாக அவன் நடத்திய பாடத்தை அவனே எப்படி அழிப்பான்? அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு மாதம். திரையில் பார்த்த அந்தச் சுண்ணாம்புத் திட்டு ஒரு மாதம் உள்ளேயே உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும். அவள் நம்பும்படியான சாட்சி இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து வைத்தால் அவள் தன்னைப் பிறகு எப்படிப் பார்ப்பாள் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் கேட்டுடு," என்றான். நிறுத்தின இடத்திலிருந்து ஓடவிட்டான்.

வாசிப்பு நின்றது. காகிதம் புரண்டது. ஏங்க, என் குரல் என்னவோ கரகரன்னு இல்ல?

அவள் கட்டியிருந்த கையைத் தளர்த்தினாள். ஸ்பீக்கரையே பார்த்தாள். பூச்சிக்குரல் வந்தது, தேன் என்றது. அவள் ஒரு அடி முன்னால் வந்து, "மறுபடி போடுங்க," என்றாள். மறுபடி போட்டான். இரண்டாவது முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஓடி முடிந்தது. வெளியே தெருவில் யாரோ வண்டியை எடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவள் திட்டுவாள், அழுவாள், ஏதாவது எடுத்து எறிவாள் என்று அவன் காத்திருந்தான். எறிந்திருந்தால் தேவலை.

"கேட்டிருக்கேன்," என்றாள். "அன்னைக்கே உங்களைக் கேட்டிருக்கேன்."

"டீச்சர், நான் வேணும்னு…"

"அதை விடுங்க. இப்பச் சொல்லுங்க." அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "நான் பேசிட்டுத்தான இருக்கேன். மைக் இல்ல, பெட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. என் குரல் எப்படி இருக்கு?"

அவன் கேட்டான். பல வருஷங்களில் முதல்முறையாக, நடுவில் எதுவும் இல்லாமல், அவள் பேசுவதைக் கேட்டான். அவளுடைய கேள்வியின் கடைசிச் சொல்லில் சத்தமே இல்லை. காற்றுதான் வந்து சேர்ந்தது.

"கரகரன்னு இருக்கு டீச்சர்," என்றான். "ரொம்ப."

அவள் தலையசைத்தாள். அவள் உதடு நடுங்கியதை அப்போதுதான் பார்த்தான். கிட்டே போகக் கையை நீட்டினான். அவள் தொட விடாமல் நகர்ந்து, மேஜை மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

கதவு திறந்தே இருந்தது. அவள் டாக்டரின் பெயரைச் சொல்லி யாரிடமோ கேட்பதும், காத்திருப்பதும், பிறகு பேசத் தொடங்குவதும் கேட்டது.

"ஆமா டாக்டர், ரெண்டு வாரமில்ல. எட்டு மாசம். வெள்ளிக்கிழமையே வெச்சுக்குங்க." டாக்டர் ஏதோ கேட்டார் போல. அந்தப் பக்கத்துக் கேள்வி என்னவென்று அவனுக்கு அவள் பதிலில் புரிந்தது.

"இல்ல டாக்டர். அவர் வேண்டாம். அக்கா என்கூட வருவா."